பேணியைத் தா பிள்ளை

வணக்கம். எல்லாரும் சாப்பிட்டாச்சா?

இப்போது வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்துகொண்டே "ஓம்" என்று வாய்க்குள் சொல்லியிருப்பீர்கள். அதில் எத்தனை ஓம் உண்மையான ஓம் என்பதுதான் என்னுடைய சந்தேகம். இருபத்தெட்டு வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, உங்கள் வாயால் சொன்னால் மருத்துவிச்சியாக, மல்லாவி துணுக்காய்ப் பக்கம் முதலில் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகத் திரிந்தவள் நான். "சாப்பிட்டாச்சா" என்று கேட்டதற்கு "இல்லை" என்று சொன்ன வளர்ந்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஊரில் அதை யாரும் கேள்வியாகவே எடுப்பதில்லை, வணக்கம் சொல்வது மாதிரித்தான். அதனால் பிற்காலத்தில் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள், எத்தனை மணிக்கு?" அப்போதுதான் ஆள் கொஞ்சம் யோசிக்கும். "காலமை ஒரு பிளேன்ரீ... பிறகு பத்து மணி போலை இன்னொரு பிளேன்ரீ... மத்தியானம் பிள்ளையளுக்குப் போட்டுக் குடுத்திட்டு..." அந்த இடத்தில் கதை நின்றுவிடும். நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன்.

நிலையத்தார் எனக்குத் தந்த தலைப்புப் போஷாக்கு. கீரை, முட்டை, பால், பயறு என்று நான் தொடங்கினால் நீங்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவீர்கள், அது எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. கோப்பையில் சோறு இருக்கிறது, பக்கத்தில் கறி இருக்கிறது, ஆனால் இறங்குதில்லை. யோசினை. பதகளிப்பு. மனச்சோர்வு. அந்த நேரத்தில் என்ன செய்வது? இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கடைசியில் ஒரு கஞ்சியும் சொல்லித் தருவேன், பேனை எடுத்து வையுங்கள்.

முதலில் ஏன் இறங்குதில்லை என்று பார்ப்போம். இரவு யானை வேலியைப் பிரித்துக்கொண்டு வளவுக்குள் வருகிறது என்று வையுங்கள். வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த நேரம் யாருக்காவது பசிக்குமா? நெஞ்சு இடிக்கும், வாய் காயும், வயிற்றுக்குள் பிசையும். உடம்பு இரத்தத்தைக் கைகால் தசைகளுக்கு அனுப்பிவிட்டு, வயிற்றைப் பார்த்து "நீ பிறகு வேலை செய், இப்ப ஓடவேணும்" என்று சொல்லிவிடுகிறது. இரைப்பை மெதுவாகும், எச்சில் வற்றும். யானை போய் ஒரு மணித்தியாலம் கழிய எல்லாம் பழையபடி வந்துவிடும், சிலருக்கு நல்ல பசியும் எடுக்கும். பதகளிப்பு வருத்தத்தில் யானை போவதில்லை. வளவுக்குள்ளேயே நிற்கிறது, மாதக்கணக்காக. அப்படியென்றால் வயிறு எப்போது வேலை செய்வது?

மனச்சோர்வு வேறு மாதிரி. அதில் பயத்தைவிட எல்லாமே மண் மாதிரித் தெரிவதுதான் கூட. ருசி தெரியாது. தாளிக்கிற மணம் வந்தால் பிரட்டும். அடுப்பு மூட்டுவது, வெங்காயம் உரிப்பது, பிறகு அந்தக் கோப்பையைக் கழுவுவது, ஒவ்வொன்றும் ஒரு மலை. "பஞ்சிப்படுகிறாள்" என்று வீட்டில் சொல்லுவார்கள். பஞ்சி இல்லை ஐயா, அது வருத்தம்.

இதற்குள் ஒரு சுழல் இருக்கிறது, அதை விளங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் விட்டால் இரத்தத்தில் சீனி இறங்கும். இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். பயம் வந்தாலும் இதே நடுக்கம், இதே வியர்வை, இதே படபடப்புத்தான். உடம்பு இரண்டையும் பிரித்துச் சொல்லாது. ஒரு தாய், பெயர் வேண்டாம், கிழமைக்கடன் எடுத்தவ. புதன்கிழமை லோன்காரன் வருவான். செவ்வாய் இரவே அவவுக்குச் சாப்பாடு இறங்காது, புதன் காலையில் வெறும் தேத்தண்ணி, பத்து மணிக்குக் கை நடுங்கத் தொடங்கும், "ஐயோ மிஸ், எனக்குப் பயத்திலை உயிர் போகுது" என்று படலையடியில் நின்று சொன்னா. நான் போகிற வழியில் வாங்கிய பணிஸ் ஒன்று பையில் இருந்தது. பாதியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதி கடனுடையது, அதற்கு என்னிடம் பணிஸ் இல்லை.

பட்டினியே மனதைக் கெடுக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்றவர், 1945 இல், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, 24 கிழமை அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். உடம்பாலும் மனதாலும் நல்ல சுகமானவர்கள் என்று பார்த்துத் தெரிந்தெடுத்த பெடியன்கள். உடம்பு நிறையில் ஏறக்குறைய காற்பங்கு போயிற்று. அதோடு சோர்வு, எரிச்சல், பதகளிப்பு, குளிர், ஒருவரோடும் பேச விருப்பமில்லாமை, எல்லாம் வந்தது. அவர்களுக்கு வேறு கவலை கொடுக்கவில்லை, சாப்பாட்டைத்தான் குறைத்தார்கள். கவலை வந்து சாப்பாட்டைக் குறைக்கிறது, குறைந்த சாப்பாடு திரும்பக் கவலையைக் கூட்டுகிறது. அதனால்தான் போகிற வீடெல்லாம் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: பசி வரட்டும் என்று இருக்காதேங்கோ.

இதை எனக்குப் படிப்பித்தது பயிற்சிப் பாடசாலை இல்லை. ஒரு ஆச்சி.

2009 இல் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், கூடாரத்தில் இருந்தேன். ஏன் சாப்பிட முடியாமல் போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தம்பியின் மகள் வரிசையில் நின்று எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கிக்கொண்டு வருவாள், அது மூலையில் இருந்து பின்னேரம் மணக்கத் தொடங்கும். இதில் பகிடி என்னவென்றால், நான் மருத்துவிச்சி என்று தெரிந்து பெண்கள் கைக்குழந்தையோடு வருவார்கள், பால் சுரக்குதில்லை, என்ன சாப்பிடலாம் என்று கேட்பார்கள், நானும் ஒழுங்காகச் சொல்லி அனுப்புவேன். எனக்குப் பாவாடை நாடா வழமையைவிட ஒரு சுற்றுக் கூடச் சுற்றுகிறது. சொல்லுகிற வாய்க்குள் இரண்டு நாளாக ஒன்றும் போகவில்லை.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு ஆச்சி, புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆள். அவவிடம் ஒரேயொரு எவர்சில்வர் பேணி இருந்தது. விளிம்பில் ஒரு நெளிவு. அடியில் "ச" என்று பெயரின் முதல் எழுத்து வெட்டியிருந்தது. யாருடைய பெயர் என்று அவ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் பின்னேரம் அந்தப் பேணியில் பாதிக்குக் கஞ்சி கொண்டுவந்து என் வாசலில் வைத்தா. "குடி பிள்ளை" என்று சொல்லவில்லை. "ஏன் சாப்பிடுறாயில்லை" என்று கேட்கவில்லை. "எனக்கு இது ஒண்டுதான் கிடக்கு. கால் மணித்தியாலத்தாலை வாறன், பேணியைத் தா பிள்ளை" என்றா. போய்விட்டா.

நான் அந்தக் கஞ்சியைப் பார்த்தேன். வெறும் அரிசி, தண்ணி, உப்பு. ஊற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கூடார வாசல் மண்ணில் கஞ்சி ஊற்றினால் வெள்ளையாகத் தெரியும், எறும்பு வரும், ஆச்சி காணுவா. பேணியையும் வைத்துக்கொண்டிருக்க முடியாது, அவ வேறு எதில் குடிப்பா? வேறு வழியில்லாமல் மருந்து மாதிரி நாலு மிடறில் குடித்து முடித்தேன். சொன்னபடி வந்தா, பேணிக்குள் எட்டிப் பார்த்தா, எடுத்துக்கொண்டு போனா. நல்லாயிருந்ததா என்றும் கேட்கவில்லை. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும். ஐந்தாவதோ ஆறாவதோ நாள் அவ வரப் பிந்திவிட்டது, நான் கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். அதைப் பசி என்று சொல்லமாட்டேன். பேணி இன்னும் வரவில்லையே என்ற ஒரு நினைப்பு, அவ்வளவுதான். உண்மையான பசி வர ஒன்றரை மாதம் சென்றது, அதுவும் யாரோ கருவாடு சுட்ட மணத்துக்கு. அந்த ஒன்றரை மாதமும் பசிக்கிறதா இல்லையா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நேரம் வந்தது, பேணி வந்தது.

ஊருக்குத் திரும்புகிற நேரம் அந்தப் பேணியைத் தரச்சொல்லி ஆச்சியிடம் கேட்டேன். "எனக்கு இது ஒண்டுதான் கிடக்கு" என்று சொல்லிக் கொண்டுபோய்விட்டா.

சரி, கதையில் நேரம் போய்விட்டது. நீங்கள் செய்யக்கூடியது என்னவென்றால், மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பிடுங்கள். இரண்டு அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதடவை, பாதிப் பேணி, அரைக் கோப்பை, நாலு வாய். கோப்பை நிறையச் சோற்றைப் பார்த்தாலே சிலருக்குத் தொண்டை அடைக்கும், ஆகவே சின்னக் கோப்பையாக எடுங்கள். வாய் காய்ந்திருக்கும்போது புட்டும் பாணும் விக்கும். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிடுங்கள், பழஞ்சோற்றை மோரோடு கரையுங்கள், கஞ்சி, கூழ், சத்துமாக் கரைசல், இறங்குகிறது எதுவோ அது. ஒரே சாப்பாட்டைப் பத்து நாள் சாப்பிட்டாலும் பரவாயில்லை, அந்த நேரத்தில் ருசி பார்க்கிற வேலை வேண்டாம். மணம் பிரட்டினால் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள், ஆறின சாப்பாட்டில் மணம் குறைவு. கொஞ்சமாகச் சாப்பிடுகிற ஆளுக்கு அந்தக் கொஞ்சத்துக்குள் சத்து இருக்கவேண்டும்: ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் சுமார் 40 கலோரி, ஒரு மேரி பிஸ்கட்டில் இருப்பதைவிடக் கூட. கஞ்சிக்குள் ஒரு கரண்டி விட்டால் தெரியவும் தெரியாது. ஒரு கை கச்சான், ஒரு எள்ளுருண்டை, ஒரு வாழைப்பழம் தலைமாட்டில் இருக்கட்டும், எழும்பாமல் எடுக்கலாம். தேத்தண்ணியை விடச் சொல்லமாட்டேன், எங்கள் ஆட்கள் கேட்கவும் மாட்டார்கள், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் குடித்தால் இருக்கிற பசியும் அடங்கும், கூடிப்போனால் படபடப்பும் கூடும். பிளேன்ரீயைப் பால்தேத்தண்ணி ஆக்குங்கள், சாப்பிட்ட பிறகு குடியுங்கள்.

விரதத்தைப் பற்றி ஒரு சொல், கோயில்காரர் கோபிக்கக் கூடாது. செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சதுர்த்தி, பிரதோசம், ஏகாதசி, ஐப்பசி வந்தால் கந்தசஷ்டி ஆறு நாள். ஒருவர் திடீரென்று எல்லா விரதமும் பிடிக்கத் தொடங்கினால் நான் பக்தி என்று உடனே நம்பமாட்டேன். சாப்பிடாமல் இருப்பதை மறைக்க விரதத்தைப் போல் நல்ல திரை வேறில்லை, கேட்கிறவருக்கும் வாய் அடைத்துவிடும். ஆம்பிளைகளுக்கு வெற்றிலையும் சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். "உனக்காகத்தானே சமைச்சனான்" என்று பக்கத்தில் நின்று வாயைப் பார்க்காதேங்கோ. கொண்டுபோய் வையுங்கள், விலகுங்கள், பேணி எடுக்க வாருங்கள். முடிந்தால் பக்கத்திலிருந்து நீங்களும் சாப்பிடுங்கள், அவருடைய கோப்பையைப் பார்க்காமல்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். ஆஸ்பத்திரிக் கதை முழுக்கச் சொல்ல இருந்தேன், வேகமாகச் சொல்லுகிறேன். சட்டை தொளதொள என்றாகி, மோதிரம் கழரத் தொடங்கினால் யோசினைதான் என்று நீங்களாக முடிவு கட்டவேண்டாம். கசநோய், தைரொயிட், சலரோகம் என்று வேறு காரணமும் இருக்கலாம், காட்டுங்கள். சலரோகக் குளிசை, இன்சுலின் எடுக்கிறவர்கள் சாப்பிடாமல் எடுத்தால் ஆபத்து, உடனே வைத்தியரிடம் கேளுங்கள். நாலைந்து நாளாக ஒன்றுமே சாப்பிடாத ஆளுக்கு ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனநலக் கிளினிக்கில் தருகிற குளிசை சிலது முதல் ஒன்றிரண்டு கிழமை வயிற்றைப் பிரட்டும், பிறகு அது குறையும், மனதுக்குப் பலன் தெரியச் சில கிழமை செல்லும். நீங்களாக நிற்பாட்டாமல் போய்ச் சொல்லுங்கள், சாப்பாட்டோடு எடுக்கலாமா, மாற்றலாமா என்று அவர்கள் பார்ப்பார்கள். சாகலாம் போல நினைப்பு வந்தால் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். 1926.

கஞ்சி! ஒரு சிறங்கை தவிட்டுப் பச்சையரிசி, அரைச் சிறங்கை வறுத்துக் கோது நீக்கின பயறு, இரண்டையும் குழையக் குழைய அவியவிடுங்கள். கொதிக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிண்டுங்கள். இறக்குகிற நேரம் தேங்காய் முதற்பால், அதற்குப் பிறகு கொதிக்கவிட வேண்டாம், திரைந்துபோகும். உப்பு உங்கள் கைக்கு வாற மாதிரி. பாதிப் பேணிதான் ஊற்றவேணும், நிறைக்காதேங்கோ. வணக்கம்.