தராசு யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

பழங்குடி என்றதும் நமக்கு மலைதான் நினைவுக்கு வரும். கடலூர் மாவட்டத்தில் அவர்களைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கிள்ளையில் இறங்கினால் போதும். பிச்சாவரம் கழியில் தண்ணீரில் இறங்கி, வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார்களே, அவர்கள் இருளர். தமிழ்நாட்டின் 6 தொன்மைப் பழங்குடிகளில் ஒருவர்.

தொழில் தெரியும், சந்தையும் பக்கத்தில்தான். அப்புறம் ஏன் இந்த வறுமை? என் கணிப்பில் முடிச்சு முன்பணத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுகுகிறது என்று வியாபாரியிடம் கைநீட்டிவிட்டால், கடன் அடையும்வரை பிடித்ததெல்லாம் அவருக்குத்தான். எடை போடுவதும் விலை சொல்வதும் அவரே. செங்கல் சூளையிலும் மரம் வெட்டிலும் பல இடங்களில் இதே கதைதான். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனைத் திருப்பித் தரவே வேண்டாம். சூளையில் இருப்பவருக்கு இதை யார் போய்ச் சொல்வது?

சரி, அரசுக் கடனுதவி? அதற்குச் சாதிச் சான்று வேண்டும். பழங்குடிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். புதுச்சேரியிலோ 2016 வரை இருளர் பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை. எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்த இருளர் பழங்குடி, புதுச்சேரிப் பக்கம் இருந்த அவர் சொந்தக்காரர் பழங்குடி இல்லை!

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியைப் பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் நின்று, இருளர் பிழைப்பும் போனது. 1978-ல் பாம்பு பிடிப்பவர்களுக்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் வந்தது. இப்போது பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தெரிந்த தொழிலை விடச் சொல்லி அவர்கள் கையில் யாரும் தையல் மெஷினைத் திணிக்கவில்லை. நம் ஊரில் மேம்பாடு என்றாலே முதலில் தையல் மெஷின்தானே வருகிறது!

கிள்ளைக்கு நான் கேட்பது கொஞ்சம்தான். பிடிப்பவர்களின் சங்கம், சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு தராசு, அவசரச் செலவுக்கு எடுத்துத் திருப்பிக் கட்ட ஒரு சுழல்நிதி, நாலு ஐஸ் பெட்டி. ஐஸ் இல்லாத இறால் வெயிலில் தாங்காது. அதனால்தான் கரையிலேயே கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெட்டி இருந்தால் சிதம்பரத்தில் விலை கேட்கலாம், கட்டுப்படியாகாவிட்டால் கடலூர் துறைமுகம் வரை கொண்டு போகலாம்.

நன்றி, வணக்கம்.