சாய்தளம் முடியும் இடம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரியில் மே மாதம் என்றதும் உங்களுக்கு மலர்க் கண்காட்சி நினைவுக்கு வரும். எனக்கு, நீர் வற்றிய கரையின் கறுப்புச் சேறு நினைவுக்கு வருகிறது. இந்த மாவட்டத்து நீர்த்தேக்கங்களில் 30 ஆண்டுகள் படகு எஞ்சின் பழுது பார்த்தேன். எஞ்சின் வேலையோடு, சீசன் தொடங்கும் முன் படகுகளை நீரில் இறக்கும் பொறுப்பும், முடிந்ததும் கரையேற்றும் பொறுப்பும் என்னிடம் இருந்தன. மலையில் கூட்டம் நிறையும் மாதங்களும் அணைகளில் தண்ணீர் அடியில் கிடக்கும் மாதங்களும் நமக்கு ஒன்றேதான்: ஏப்ரலும் மே மாதமும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும்வரை இப்படித்தான் இருக்கும்.

படகை இறக்கச் சாய்தளம் கட்டுகிறவர்கள் நிறைந்த நீரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் கட்டுகிறார்கள். எட்டடி போனால் ஓரடி இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் பத்தடி குறைந்தால், எண்பது அடி நீளத்துக்குத் தளம் வெளியே வந்துவிடும். அதற்குள் கான்கிரீட்டே முடிந்துவிடும் துறைகள் உண்டு. அதற்குப் பிறகு இருப்பது பழைய பள்ளத்தாக்கின் தரை. அதன் சரிவு இன்னும் மெதுவானது. முப்பதடி போனால்தான் ஓரடி ஆழம் கிடைக்கும். படகு டிரெய்லரை விட்டு மிதக்க இரண்டடித் தண்ணீர் வேண்டும் என்றால் அறுபதடி உள்ளே போக வேண்டும். படகு மிதப்பதற்கு முன்பே இழுத்துவந்த ஜீப்பின் சக்கரம் நீரில் நிற்கும்.

பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு ஆகியவை மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர். 1820களில் கோவை கலெக்டர் சல்லிவன் வெட்டிய ஊட்டி ஏரியோடு இவற்றை ஒப்பிடக் கூடாது. முக்குர்த்தி மலையில் பிறக்கும் பைக்காரா ஆறு, இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களுக்குப் புனிதமானது. அதன் நீரில் 1932 முதல் மின்சாரம் எடுக்கிறோம். அந்த நீர் மலையிறங்கி, மாயாற்றில் போய், பவானிசாகர் அணையில் சேர்ந்து, கீழே வயலுக்குப் போகிறது. அதனால் இங்கே நீர்மட்டத்தை வெயில் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஊரெல்லாம் விளக்குப் போடும் மாலை நேரத்தில் மின்சாரத் தேவை கூடினால் அணை நீர் இறங்கலாம். மாலையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போன படகு, காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கயிற்றைத் தளர்த்திக் கட்டுங்கள். கரையோரம் நீர் தொடும் இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்ததும் அந்தக் குச்சிக்கும் நீருக்கும் இடையே எத்தனை அடி என்று பாருங்கள். மற்ற வேலைகள் அதற்குப் பிறகு.

இனி, நான் பேச வந்ததற்கு வருகிறேன்: கான்கிரீட் முடியும் அந்த விளிம்பு.

படகைத் திரும்ப ஏற்றும்போது பல ஓட்டுநர்கள் கயிறு கட்டி இழுப்பதில்லை. எஞ்சினை முறுக்கி, விசையோடு டிரெய்லர் மேல் ஏற்றிவிடுகிறார்கள். பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் நீர், விளிம்புக்கு அடியில் இருக்கும் மண்ணையும் சரளையையும் பறித்துக்கொண்டே போகும். தளத்தின் கடைசியில் ஒரு குழி, அதைத் தாண்டி ஒரு மேடு என்று தரை மாறிவிடும். நீர் நிறைந்திருக்கும்போது இந்தக் குழியால் யாருக்கும் தொந்தரவு இல்லை. டிரெய்லர் அவ்வளவு தூரம் போவதில்லை. நீர் இறங்கிய மாதத்தில்தான் சக்கரம் அந்த விளிம்பைத் தேடிப் போகிறது. மேலே முழங்கால் அளவு கலங்கல் நீர் இருப்பதால், கீழே இருக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது.

18 ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் காலை. இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஜீப்பை நான் பின்னால் விட்டுக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்த இளைஞன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நீரில் நின்றான். "அண்ணா, இன்னும் நாலடி விடுங்கள், தரை இருக்கிறது" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் நின்ற இடத்தில் தரை இருந்தது. சக்கரம் வரும் தடத்தில் இல்லை. நாலடி விட்டேன். வலப் பக்கச் சக்கரம் சட்டென்று இறங்கியது. டிரெய்லரின் இரும்புச் சட்டம் அவன் கணுக்காலில் உட்கார்ந்தது.

பதறி ஜீப்பை முன்னால் எடுக்கவில்லை. அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். எடுத்திருந்தால் அச்சு கான்கிரீட் விளிம்பில் மாட்டி, சட்டம் அவன் காலை இன்னும் அழுத்தியிருக்கும். நான்கு பேர் நீரில் இறங்கிப் படகை ஒரு பக்கமாகத் தள்ளி மிதக்கவிட்டோம். பாரம் குறைந்த பிறகு பலகை வைத்து, ஜாக்கி கொடுத்து, சட்டத்தைத் தூக்கிக் காலை எடுத்தோம். எலும்பு முறிந்திருந்தது. இப்போது நன்றாக நடக்கிறான். ஆனால் பனி இறங்கும் டிசம்பர் காலைகளில் அந்தக் கால் வலிக்கிறது என்று சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம், ஜீப்பை விட்டு இறங்கி நானே ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாமே என்று நினைக்கிறேன். ஐந்து நிமிட வேலை அது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? ஆறடி மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் இரண்டும் எந்தத் தடத்தில் போகுமோ, அந்த இரண்டு தடத்திலும் நடந்து ஓரடிக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள். கான்கிரீட் என்றால் கழி டொக்கென்று நிற்கும். சரளை என்றால் நறநறக்கும். சேறு என்றால் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். விளிம்பு எங்கே என்று தெரிந்ததும் இருபக்கமும் கழி நடுங்கள். சக்கரம் அந்தக் கழியைத் தாண்டக் கூடாது. இறக்கும்போது டிரெய்லருக்குப் பின்னாலோ பக்கத்திலோ ஒருவரும் நிற்கக் கூடாது. படகைப் பிடிக்கக் கயிறு இருக்கிறது; ஆள் கரையில் நின்றுகொண்டே பிடிக்கலாம். நம் மலையில் நீர் மே மாதத்திலும் சில்லென்றுதான் இருக்கும். அரை மணி நேரம் அதில் நிற்பவனுக்குக் கால் மரத்துவிடும், கீழே எதை மிதிக்கிறோம் என்றே தெரியாது.

விளிம்புக்கு முன்பே ஆழம் போதவில்லை என்றால், ஜீப்பை உலர்ந்த தளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் சிறிய மூக்குச் சக்கரத்தை இறக்கி, கொக்கியைக் கழற்றி, நல்ல கயிற்றிலோ சங்கிலியிலோ டிரெய்லரை மட்டும் மெல்ல விடுங்கள். விளிம்பைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் பலகைகளை நீளவாக்கில் பாலம்போலப் போட்டு, அதன் மேல் விடுங்கள். அதற்கும் தரை ஒத்துழைக்கவில்லை என்றால் அன்றைக்கு இறக்காதீர்கள். டிக்கெட் வாங்கியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

அந்தக் கறுப்புச் சேற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலைப் பள்ளங்களில் சதுப்பு நிலங்கள் உண்டு. அவற்றின் அடியில் மட்கியும் மட்காமலும் கிடக்கும் புல், இலை, வேர் எல்லாம் சில இடங்களில் 20,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பள்ளத்தின் மேல் அணைநீர் நின்றிருந்தால், வற்றும்போது மேலே உலர்ந்து வெடித்த பொருக்கு தெரியும். அரையடிக்குக் கீழே களி. மாடு நடந்துபோன தடத்தைப் பார்த்து ஜீப்பை இறக்கியவர்கள் மாலைவரை அங்கேயே நின்றிருக்கிறார்கள். பவானிசாகர்ப் பக்கம் பரிசல்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்விடுவார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்திருக்கிறது.

பாசி இன்னொன்று. புதிதாக வெளியே வந்த தளத்தில் பாசி படிந்திருக்கும். பகலில் காய்ந்து பொடியாகும். இரவு மூடுபனியில் நனைந்து, காலையில் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். காற்று அடங்கியிருக்கும் விடியற்காலைதான் படகு இறக்க ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். நீர் குறைந்த காலத்துக்கு அது பொருந்தாது. வெயில் ஏறித் தளம் உலர்ந்த பிறகு இறக்குவதையே நான் வழக்கமாக வைத்திருந்தேன். அதற்கு முன் தென்னந்துடைப்பமும் மணலும் போட்டுத் தேய்க்க வேண்டும்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாக. ஆழம் குறைந்த இடத்தில் அதை மேலே தூக்கி வைத்துத் துடுப்பால் தள்ளிப் போங்கள். சேற்று நீரை உறிஞ்சினால், குளிர்விக்கும் நீரை இழுக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்துபோகும். பிறகு ஏரி நடுவில் எஞ்சின் சூடாகி நிற்கும். கரையோரத்து அடிமரங்கள், பழைய சீகை (வாட்டில்) மர வேர்கள் எல்லாம் இந்த மாதங்களில் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழேதான் இருக்கும்.

ஜூன் மழை பிடித்துவிட்டால் சில நாட்களில் நீர் ஏறி அந்த விளிம்பை மூடிவிடும். ஆண்டில் அது கண்ணுக்குத் தெரிவது இந்தச் சில வாரங்கள் மட்டுமே. இந்த ஆண்டு உங்கள் துறையில் விளிம்பு வெளியே வந்திருந்தால், அணைப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு போங்கள். குழியில் பெரிய கருங்கல்லை அடியிலும் சிறியதை மேலேயும் போட்டுக் கெட்டியாக நிரப்புங்கள். இருபக்கமும் இரும்புக் குழாய் நட்டு, விளிம்பு இருக்கும் உயரத்தில் சிவப்பு வண்ணம் பூசுங்கள். குழாயை உயரமாகவே நடுங்கள். நீர் ஏறிய பிறகும் அதன் தலை வெளியே தெரிய வேண்டும்.

வணக்கம்.