பட்டம் முடிந்ததும் ஆய்வகத்தில் ஓராண்டு: நுண்ணுயிரித் தொகுதி ஆய்வில் ஊதியப் பயிற்சி

நேயர்களுக்கு வணக்கம். அறிவியலில் மூன்றாண்டுப் பட்டம் முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அவர்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் இந்த உரை. நம் உடம்போடு வாழும் நுண்ணுயிரிகளின் கூட்டத்தை ஆராயும் மைக்ரோபயோம் துறையில், சம்பளமோ உதவித்தொகையோ பெற்றுக்கொண்டே ஆய்வுப் பயிற்சி எடுப்பது பற்றிப் பேசப் போகிறேன்.

இந்தத் துறைக்கு டர்பன் தள்ளி இருக்கும் ஊர் அல்ல. டர்பனை ஒட்டிய உம்லாசியில் 18 முதல் 23 வயது வரையுள்ள இளம்பெண்களோடு நடந்த ஃப்ரெஷ் என்ற ஆய்வு, பெண்ணுறுப்பில் லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா குறைந்து பலவகைப் பாக்டீரியாக்கள் மிகுந்தவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று 2017இல் காட்டியது. அதே ஆண்டில் இன்னொரு முடிவும் வந்தது. காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு நிறுவனம் எச்.ஐ.வி.யைத் தடுக்க முன்பு சோதித்த டெனோஃபோவிர் களிம்பு, லாக்டோபேசில்லஸ் மிகுந்த பெண்களுக்கு 61 விழுக்காடு பாதுகாப்பு தந்திருக்கிறது. மற்றவர்களுக்கு 18 விழுக்காடுதான். கார்ட்னரெல்லா என்ற பாக்டீரியா அந்த மருந்தைச் சிதைத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 1,801 பெண்களின் குடல் நுண்ணுயிரிகளைப் படித்த பெரிய ஆய்வு 2025இல் வெளிவந்தது. நம் மக்களின் உடம்பைப் பற்றிய கேள்விக்கு நம் ஊரிலேயே விடை தேட ஆள் வேண்டும். பயிற்சி இடங்கள் இருப்பது அதற்காகத்தான்.

அமெரிக்காவில் பட்டம் முடித்தவர்களுக்கென்றே ஓரிரு ஆண்டு ஊதியப் பயிற்சிகள் உண்டு. ஆனால் அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சிக்குக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ கேட்பார்கள். இங்கே வழி வேறு. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகையோடு, பட்டத்துக்கு அடுத்த ஓராண்டுப் படிப்பான ஹானர்ஸ் படிப்பது ஒன்று. பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ ஒப்பந்தத்தில் எடுக்கும் பயிற்சியாளர் பணி மற்றொன்று. ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து ஆய்வு உதவியாளராகச் சேர்வது மூன்றாவது. மூன்றிலும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான், காசு வரும் விதம்தான் மாறும். வேலை ஒப்பந்தம் என்றால் வேலையின்மைக் காப்பீட்டுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காடும் நிறுவனத்தின் பங்காக ஒரு விழுக்காடும் போகும், ஆண்டுக்குத் தொடர்ச்சியாக 21 நாள் விடுப்பும் சட்டப்படி உண்டு. உதவித்தொகைக்கு இவை பொருந்தாது. கல்லூரிக் கட்டணம் அதற்குள் அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் உதவித்தொகை கைக்கு வரத் தாமதமாவதும் உண்டு. பெற்றோர்களே, முதல் இரண்டு மூன்று மாதத்துக்குப் பேருந்துச் செலவும் சாப்பாடும் யார் கொடுப்பது என்பதைப் பிள்ளையோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இனி, பயிற்சியில் என்ன கற்றுத்தர வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓராண்டு முழுக்கக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டியே திரும்பிய பிள்ளைகள் உண்டு.

முதலில் மாதிரி. மலத்தை அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் ஈ.கோலை குடும்பத்துப் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். பிறகு நீங்கள் அளப்பது அந்த மனிதரின் குடலை அல்ல, மேசை மேல் நடந்த வளர்ச்சியை. ஆகவே உடனே மைனஸ் 80 பாகை ஃப்ரீசருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அறை வெப்பத்திலேயே நிலைநிறுத்தும் திரவம் உள்ள குழாயில் எடுக்க வேண்டும். மின்வெட்டை நன்கறிந்த நாடு இது. ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, வெப்பநிலைப் பதிவேடு எழுதுகிறார்களா, மின்சாரம் இல்லாதபோது கதவைத் திறக்கக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உருகி மறுபடி உறைந்த மாதிரியில் மெல்லிய சுவருள்ள செல்கள் உடைந்து போய்விடும்.

அடுத்தது டி.என்.ஏ. பிரித்தெடுப்பது. கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவின் செல்சுவர் தடிமனானது. வேதிப்பொருள் மட்டும் போட்டால் உடையாது. சிறு மணிகளைக் குழாயில் போட்டு வேகமாகக் குலுக்கி உடைக்க வேண்டும். குலுக்கும் நேரம் ஒரு நாள் குறைந்து மறுநாள் கூடினால், அந்த இரண்டு நாள் மாதிரிகளும் வேறு வேறு மனிதக் கூட்டத்திலிருந்து வந்தவை போலத் தெரியும். அப்படித் தெரிவதை நோயின் அடையாளம் என்று எழுதிவிடும் ஆபத்து பெரியது. அதனால் நோயாளிகளின் மாதிரிகளை ஒரு நாளும் ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை இன்னொரு நாளும் செய்யவே கூடாது. இரண்டையும் கலந்து, சீட்டுக் குலுக்கி, வரிசை போட வேண்டும்.

இந்தத் துறையின் பெரிய பொறி வெற்றுக் குழாயில்தான் இருக்கிறது. பிரித்தெடுக்கப் பயன்படும் வேதிப்பொருள் தொகுப்பான கிட்டிலேயே, தண்ணீரிலேயே, பாக்டீரியாவின் டி.என்.ஏ. கொஞ்சம் இருக்கும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் சால்மொனெல்லா என்ற ஒரே பாக்டீரியாவின் தூய வளர்ப்பை எடுத்துப் படிப்படியாக நீர்க்கச் செய்து வரிசைப்படுத்தினார்கள், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகளை இயந்திரத்தில் படித்தார்கள். நீர்க்க நீர்க்க அந்தப் பாக்டீரியா மறைந்து, கிட்டிலிருந்து வந்த அயல் பாக்டீரியாக்களே முடிவில் நிறைந்தன. மலத்தில் நுண்ணுயிரி ஏராளம், அங்கே இது பெரிதாகத் தெரியாது. நுரையீரல், இரத்தம், நஞ்சுக்கொடி போன்ற இடங்களில் நுண்ணுயிரி மிகக் குறைவு. அங்கே கிட்டின் அழுக்கே கண்டுபிடிப்பாக வெளிவந்துவிடும். ஒவ்வொரு முறை பிரித்தெடுக்கும்போதும் மாதிரி எதுவும் போடாத ஒரு வெற்றுக் குழாயைக் கூடவே நடத்தி, அதையும் மற்றவற்றோடு வரிசைப்படுத்த வேண்டும். உள்ளடக்கம் முன்பே தெரிந்த கலவை ஒன்றையும் சேர்க்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் ஒரு கலவையில் எட்டுப் பாக்டீரியாவும் இரண்டு ஈஸ்ட்டும் இருக்கும். அந்தப் பாக்டீரியாக்களே சரியான அளவில் வெளியே வரவில்லையென்றால் உங்கள் முறையில் கோளாறு. காசு மிச்சம் என்று வெற்றுக் குழாயை விட்டுவிடும் ஆய்வகத்தில் கெட்ட பழக்கத்தைத்தான் கற்பீர்கள்.

பிறகு வரிசைப்படுத்தல். பாக்டீரியாக்களை அடையாளம் காண உதவும் 16எஸ் என்ற மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். அதில் பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா மாறும் பகுதிகள் ஒன்பது. பெரும்பாலும் நான்காம் பகுதியை, அல்லது மூன்றையும் நான்கையும் சேர்த்து, நகலெடுத்துப் பெருக்கிப் படிப்பார்கள். மூன்றும் நான்கும் சேர்ந்தால் சுமார் 460 எழுத்து வரும். இயந்திரம் இரு முனையிலிருந்தும் 250 எழுத்து படித்தால், நடுவில் ஒன்றன் மேல் ஒன்று விழுவது 40 எழுத்துதான். கடைசி எழுத்துகளின் தரம் மோசமென்று பக்கத்துக்கு 25 வெட்டினால் மொத்தம் 450 ஆகிவிடும், இரு பாதியும் சேரவே சேராது. கணினியில் தரவு முக்கால்வாசி காணாமல் போய்விட்டது என்று புதியவர்கள் பதறும்போது, பெரும்பாலும் காரணம் இந்தக் கணக்குதான். 300 எழுத்து படிக்கும் கிட் எடுப்பது, இல்லையேல் நான்காம் பகுதியோடு நிற்பது என்பதை மாதிரி எடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

வரும் எண்கள் எல்லாம் விகிதங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பாக்டீரியா உண்மையிலேயே பெருகினால், அசையாமல் இருக்கும் மற்றவை எல்லாம் குறைந்தது போலத் தெரியும். உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் டி.என்.ஏ.வின் அளவைக் காட்டும் பி.சி.ஆர். சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் வீட்டிலேயே தயாராகலாம். ஆர் என்ற கணினி மொழியும், வரிசைப்படுத்திய தரவைப் பகுக்கும் டாடா2 என்ற நிரலும் இலவசம். அதன் பயிற்சிப் பாடத்தில் எலியின் மல மாதிரித் தரவு இருக்கிறது. சாதாரண மடிக்கணினியே அதற்குப் போதும். இதே வேலைக்கான கைம்2 என்ற இன்னொரு நிரலில், பாக்டீரியாவின் பெயரைச் சொல்லும் முழு நீள 16எஸ் வகைப்படுத்தியை எடுத்தால் 8 ஜி.பி. நினைவகம் போதாமல் நின்றுவிடலாம், நான்காம் பகுதிக்கென்று உள்ளதை எடுங்கள். முடிந்ததும் நீங்கள் எழுதிய நிரலையும் முடிவைக் காட்டும் ஒரு வரைபடத்தையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். நீளமான சுயவிவரத்தைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. மனித மாதிரி என்றால் ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்ப சுகாதாரத் துறையின் அனுமதியும் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். பங்கேற்பவரின் பெயரும் குழாயின் எண்ணும் ஒரே கோப்பில் இருக்கக் கூடாது. 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. மலமும் இரத்தமும் கையாளுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நிறுவனமே போட வேண்டும் என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நேர்காணலின் முடிவில் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்பார்கள். அப்போது இப்படிக் கேளுங்கள்: சென்ற ஆண்டு இங்கே பயிற்சி பெற்றவர் மாதிரி எடுப்பது முதல் முடிவை எழுதுவது வரை எந்தெந்தக் கட்டத்தைத் தம் கையால் செய்தார்? அவரோடு நான் பேசலாமா? ஆய்வகத் தலைவர் அங்கேயே அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடினால் அந்த இடத்தை ஏற்கலாம். பிரித்தெடுக்கும் வேலைக்கு மட்டும்தான் ஆள் தேவை என்றால், ஆறு மாதத்துக்குப் பிறகு கணினிப் பகுப்பாய்வுக்கு மாற்றுவோம் என்பதை ஒப்பந்தக் கடிதத்திலேயே எழுதித் தரச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.