வைஃபையில் பேச்சுக்கு ஒரு பேண்ட், டேட்டாவுக்கு ஒரு பேண்ட்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளில் இருப்பவர்களுக்கும், அந்த வீடுகளை விடுதியாக நடத்துபவர்களுக்கும் இன்று வைஃபை பற்றிக் கொஞ்சம் சொல்லப் போகிறேன். வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது, படம் இறங்குகிறது, ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு ஆச்சி பேசும்போது மட்டும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. இதற்கு நெட் வேகம் போதாது என்று நினைத்து அதிக விலை பிளானுக்கு மாறுகிறார்கள். பணம்தான் வீண்.

பேச்சுக்கு நொடிக்கு நூறு கிலோபிட்கூடத் தேவையில்லை. அதற்கு வேண்டியது நேரம் தவறாமை. குரலைப் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள், அதில் ஒரு துண்டு பிந்தி வந்தால் அது வராததற்குச் சமம். வீடியோ அப்படியில்லை, முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும். வைஃபையிலோ ஒரு சேனலில், அதாவது ஒரு அலைப்பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். பந்தியில் கடைசி ஆள் எழும்வரை அடுத்த பந்தி உட்கார முடியாதே, அதுபோல, தூரத்தில் சிக்னல் குறைவாக உள்ள ஒரு பழைய போன் மெதுவாகப் படம் இறக்கிக்கொண்டிருந்தால் ஆச்சியின் குரலும் அதன் பின்னால் நிற்கும்.

அதனால்தான் பேச்சையும் டேட்டாவையும் பிரித்துவிடுங்கள் என்கிறேன். வீட்டு ரௌட்டரில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு பேண்ட், அதாவது அலைவரிசைத் தொகுதிகள், இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. அதிலும் புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் வந்து கலக்கும். கேமரா, பிரிண்டர் போன்றவற்றை அங்கே விடுங்கள். டிவிக்கு முடிந்தால் வயரே போட்டுவிடலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், 2018-இல் நம் அரசு அதில் இன்னும் அதிகப் பகுதியை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அந்த 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனி வைஃபை பெயர் கொடுத்துப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். சேனல் எண்ணை 36 முதல் 48 வரை, அல்லது 149-இலிருந்து மேலே வையுங்கள். நடுவில் உள்ளவற்றை ரேடாரோடு பங்குபோட வேண்டும், ரேடார் அலை தட்டுப்பட்டால் ரௌட்டர் உடனே சேனலை விட்டு விலகியாக வேண்டும், பேச்சு நடுவிலேயே அறுந்துவிடும். ரௌட்டர் செட்டிங்கில் டபிள்யூஎம்எம் என்று ஒன்று இருக்கும், அதை அணைக்காதீர்கள், குரலுக்கு முன்னுரிமை தருவது அதுதான்.

சரி, சுவர்? செட்டிநாட்டு வீட்டில் பெரிய சிக்கல் இதுதான். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு, இடையில் தடித்த செங்கல் சுண்ணாம்புச் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இவற்றில் வெகுவாக அடிபடும். உடனே ரௌட்டர் பவரைக் கூட்டுவார்கள். ஆனால் போனின் பவர் அதோடு சேர்ந்து ஏறாதே! ரௌட்டர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது ரௌட்டருக்குக் கேட்காது, சிக்னல் கட்டை நிறைய இருந்தும் எதிர்முனையில் ஹலோ ஹலோ என்பார்கள்.

பவரைக் குறைத்து, வீட்டின் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது ரௌட்டரோடு வயரில் இணைந்து வைஃபை தரும் பெட்டி, வையுங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு வேறு வேறு சேனல். வளவு நமக்கு வரம். நடுவில் திறந்த வெளி, தடுக்க ஒன்றுமில்லை, தாழ்வாரத்தில் மழை படாத மூலையில் ஒன்று வைத்தால் நாலு பக்கத் தாழ்வாரத்துக்கும் வரும், வாசலைத் திறந்து வைத்தால் உள்ளறைக்கும் ஓரளவு போகும். வயரை ஓட்டுக்கூரைக்கு அடியில், மரத்தை ஒட்டிக் கொண்டுபோங்கள். தயவுசெய்து அந்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்காதீர்கள், பெயர்ந்தால் அதே பதத்தில் பூசித்தர ஆள் கிடைப்பது அரிது.

உள்ளறைகளில் டவர் சிக்னலும் சரியாக வராது. போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிட்டால் சாதாரண போன் காலும் இதே வழியில் போகும்.

எல்லாம் போட்டு முடித்ததும் ஒருவரைப் பெரிய ஃபைல் இறக்கச் சொல்லுங்கள். நீங்கள் யாரோடாவது போனில் பேசிக்கொண்டே முகப்பிலிருந்து அடுப்படி வரை நடந்து பாருங்கள். கையில் சிக்னல் அளக்கும் ஆப் இருந்தால் சிக்னல் வலிமை மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே (மைனஸ் 70, 75 என்று) எங்கே இறங்குகிறது என்று பார்க்கலாம். இல்லாவிட்டாலும் காதே சொல்லிவிடும். குரல் உடைகிற இடத்தில் அடுத்த ஆக்சஸ் பாயின்ட். நன்றி, வணக்கம்.