காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று ஏன் கேட்கவில்லை?

வணக்கம் மக்களே! இன்றைக்குச் சமையல் இல்லை, கோபம் மட்டும்தான். எங்கள் அண்ணிக்குக் காய்ச்சல், போன வீடியோவில் கொழுக்கட்டை பிடித்தாரே, அவரேதான். விரல் மூட்டெல்லாம் வீங்கி டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியவில்லை. 2006-இல் மொரீஷியஸில் இருந்த யாருக்கும் அது சிக்குன்குன்யா என்று சொல்லித் தர வேண்டியதில்லை; பக்கத்துத் தீவு ரீயூனியனில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்த வியாதி. அண்ணியோ ஒரு வாரத்துக்கு மேல் கஷாயம் குடித்துவிட்டு, அப்புறம்தான் என்னோடு லேபுக்கு வந்தார். ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று தேடும் பிசிஆர் சோதனை நெகட்டிவ். "வெறும் காய்ச்சல்தான்" என்று வீடே கொண்டாடுகிறது!

இருங்கள், காசுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போனில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை. கேட்டால், ரத்தம் எடுக்க 200 ரூபாய் தனியாம்! ரத்தம் எடுக்காமல் எதை வைத்துச் சோதிப்பார்கள்? ரசீதில் அதை எழுதுங்கள் என்று நின்றேன், பின்னால் வரிசையே முறைத்தது, எழுதி வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிசிஆர் வைரஸின் மரபணுத் துண்டை நகலெடுக்கிறது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும், சூடு குறைந்தால் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டு ஒட்டும், அங்கிருந்து பாலிமரேஸ் என்ற நொதி புது இழை கட்டும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு, 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். அந்தச் சூட்டிலும் வேகாத இந்த நொதி, அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான். ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன், சிக்குன்குன்யா ஆர்என்ஏ வைரஸ், அதாவது அதன் மரபணு டிஎன்ஏ இல்லை, ஆர்என்ஏ, அதனால் முதலில் வேறொரு நொதியைப் போட்டு அதை டிஎன்ஏவாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இத்தனை நுணுக்கம் இருந்தும், குழாயில் வைரஸ் இருந்தால்தானே பெருக்கும்? பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூஜ்யம்தான். காய்ச்சல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரம்தான் வைரஸ் ரத்தத்தில் இருக்கும். மூட்டுவலிதான் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு பார்க்க வேண்டியது ஐஜிஎம் ஆன்டிபாடி, வைரஸை எதிர்க்க நம் உடம்பே உண்டாக்கும் புரதம். 200 ரூபாயை மறக்காமல் கேட்டவர்களுக்குக் காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேட்க வாய் வரவில்லை பாருங்கள்.

அண்ணியை நாளைக்கு ஐஜிஎம் எடுக்கக் கூட்டிப் போகிறேன். டெங்குவும் சிக்குன்குன்யாவைப் பரப்பும் அதே கொசுவால் வருவதுதான் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன்.