டோக்கியோவின் வெண்கல முகங்களோடு அடுத்துச் சேரப்போகிறவர்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

டோக்கியோ டோம் விளையாட்டரங்கின் 21ஆம் வாயிலை ஒட்டி ஜப்பானியப் பேஸ்பால் புகழ்மண்டபம் இருக்கிறது. 1959இல் பழைய கோரக்குவென் மைதானத்தின் அருகே தொடங்கப்பட்ட இந்த மண்டபம், 1988இல் டோம் திறக்கப்பட்டபோது அதற்குள் குடிபெயர்ந்தது. தேர்வு பெற்ற ஒவ்வொருவரின் முகமும் வெண்கலப் புடைப்புச் சிற்பமாக அதன் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. பந்தை மைதானத்தின் வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன்னை 868 முறை அடித்த சதாஹாரு ஓவும் அங்கேதான் இருக்கிறார். இன்று மைதானத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்களில் யார் யாருடைய முகங்கள் நாளை அந்தச் சுவரில் ஏறும் என்பதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டக்காரர் ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கழிய வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவமுள்ள செய்தியாளர்கள் வாக்களிக்கிறார்கள். ஒருவர் ஏழு பெயர்கள் வரை எழுதலாம். நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்குகள் விழுந்தால் கதவு திறக்கும். 2025இல், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகழ்பெற்ற மட்டையாளர் இச்சிரோவுக்கே 349 வாக்குகளில் 323தான் கிடைத்தன. அதே ஆண்டு அமெரிக்கப் புகழ்மண்டபத்தின் தேர்வில் அவருக்கு ஒரே ஒரு வாக்குத்தான் குறைந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், ஜப்பானியச் செய்தியாளர்களின் கை எவ்வளவு இறுக்கமானது என்பது விளங்கும்.

இப்போது ஆடுகிறவர்களில் ஐயத்துக்கு இடமில்லாத இருவரை ஒன்றாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் ஒன்றாகவே தொடங்கியவர்கள். ஹியோகோ மாகாணத்தின் இத்தாமி நகரில், தொடக்கப்பள்ளி வயதுச் சிறுவர்களுக்கான ஓர் அணியில், ஒரு பையன் பந்தெறிவான். அவனுடைய வகுப்புத் தோழன் கேட்சராகக் குந்தியிருந்து அதைப் பிடிப்பான். எறிந்தவர் ஹயாத்தோ சகமோத்தோ, பிடித்தவர் மசாஹிரோ தனாக்கா. வளர்ந்தபின் அவர்களுடைய வேலைகள் தலைகீழாக மாறிவிட்டன. தனாக்கா நாட்டின் முதன்மையான பிட்சர் ஆனார். சகமோத்தோ யோமியுரி ஜயன்ட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் ஆனார். அதாவது, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று, மட்டையிலிருந்து சீறி வரும் பந்துகளை ஓடி எடுத்து எறிகிற, களத்திலேயே கடினமான இடத்தைப் பிடித்தார்.

அந்த இடத்தில் நிற்பவரிடம் பெரிய அளவில் மட்டைவீச்சை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சகமோத்தோவோ 2016இல் .344 என்ற சராசரியுடன், அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 344 ஹிட் என்ற வீதத்தில், ஜப்பானின் இரு தொழில்முறை லீக்குகளில் ஒன்றான சென்ட்ரல் லீக்கின் மட்டைப் பட்டத்தை வென்றார். பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் பேஸை எட்டுவதுதான் ஹிட். அந்த லீக்கில் ஷார்ட்ஸ்டாப் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. 2019இல் 40 ஹோம் ரன் அடித்து, லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். 2020 நவம்பரில், முப்பத்திரண்டு வயது நிறையும் முன்பே 2000ஆவது ஹிட்டை எட்டிவிட்டார். இப்போது அவர் கணக்கில் 2400க்கும் மேல் இருக்கின்றன. முதல் ஆண்டிலேயே அவர் தேர்வாகிவிடுவார் என்பது என் உறுதியான எண்ணம்.

தனாக்காவைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு காட்சிகள் என் கண்முன் வந்து நிற்கின்றன. முதலாவது 2006 ஆகஸ்ட். கோஷியென் உயர்நிலைப்பள்ளிப் போட்டியின் இறுதியாட்டம் வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் பதினைந்து இன்னிங்ஸ் ஆடியும் முடிவு காணாமல், மறுநாள் மீண்டும் ஆடப்பட்டபோது, 4–3 என்ற கணக்கில் தோற்ற அணியின் கடைசி மட்டையாளராக நின்று, பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக்அவுட் ஆகி வெளியேறியவர் தனாக்கா. இரண்டாவது 2013 நவம்பர், செண்டாய் நகரம். 2011 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் சிதைந்த அந்த வட்டாரத்தின் அணியான ரக்குட்டென், இரு லீக்குகளின் வாகையர் மோதும் ஜப்பான் தொடரில் வெற்றியின் வாசல் வரை வந்திருந்தது. அந்தப் பருவம் முழுவதும் தனாக்கா, பந்தெறிபவரின் பெயரில் எழுதப்படும் வெற்றிகளாக 24ஐக் குவித்து ஒன்றில்கூடத் தோற்கவில்லை. தொடரின் ஆறாம் ஆட்டத்தில் 160 பந்துகள் எறிந்தார், தோற்றார். அந்த ஆண்டு அவருக்கு நேர்ந்த ஒரே தோல்வி அதுதான். மறுநாள் மழையில் ஏழாம் ஆட்டம். மூன்று ரன் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸ் வந்தபோது, முந்தைய இரவு 160 பந்துகள் எறிந்த அதே மனிதர் மீண்டும் எழுந்து வந்தார். இன்னும் 15 பந்துகள். கடைசி மட்டையாளரை ஸ்டிரைக்அவுட் ஆக்கியவர் இம்முறை அவர். ஓர் இளைஞரின் தோள்பட்டையை அப்படி வருத்துவதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அந்தப் பதினைந்து பந்துகளை மறக்க என்னால் முடியவில்லை. அன்று அவரைக் களமிறக்கிய மேலாளர் செனிச்சி ஹோஷினோ 2017இலேயே புகழ்மண்டபத்தில் சேர்ந்துவிட்டார்.

அதன்பின் நியூயார்க் யாங்கீஸுக்காக 78 வெற்றிகள், பிறகு தாய்நாடு திரும்பல், 2024இல் ஒரு வெற்றிகூட இல்லாத வறட்சி, கடைசியில் ஜயன்ட்ஸ் அணியில் பால்ய நண்பரோடு மீண்டும் சேர்தல் என்று அவருடைய பாதை நீண்டது. 2025 செப்டம்பர் 30 அன்று இரு நாடுகளிலுமாக 200ஆவது வெற்றியை அவர் பெற்றது டோக்கியோ டோமில். புகழ்மண்டபம் இருக்கும் அதே கூரைக்கடியில்.

இரு நாட்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். மண்டபத்தின் வரலாறே அதற்கு விடை சொல்கிறது. ஹிதேயோ நோமோ ஜப்பானில் ஆடியது ஐந்து பருவங்கள், வென்றது 78, அமெரிக்காவில் 123. அவர் 2014இல் முதல் வாய்ப்பிலேயே தேர்வானார். எனவே, அவரைப் போலவே அமெரிக்கா சென்று ஆடிய பந்தெறிவாளர் யூ டார்விஷைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. நிப்பான்ஹாம் அணியில் தொடர்ந்து ஐந்து பருவங்கள் சராசரியாக ஆட்டத்துக்கு இரண்டு ரன்னுக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்த அவர், 2025 ஜூலையில் 204ஆவது வெற்றியைப் பெற்று, ஹிரோக்கி குரோடாவின் ஜப்பான்–அமெரிக்கக் கூட்டுச் சாதனையைக் கடந்தார். அமெரிக்காவில் ஆடும் ஷோஹெய் ஓதானியும் யோஷினோபு யமமோத்தோவும் இதே வழியில் வருவார்கள். அதே மண்டபம், 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் மட்டைச் சராசரி, ஹோம் ரன், ரன் ஈட்டல் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்று மும்மணி மகுடம் வென்ற அமெரிக்கர் ரான்டி பாஸை, ஆறு பருவங்களே ஜப்பானில் ஆடிய அவரை, 2023 வரை காக்க வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சீபு லயன்ஸ் அணியின் தகேயா நகமுராவுக்கு வருகிறேன். ஜப்பானியர் அவருக்கு வைத்த செல்லப் பெயரின் பொருள், “இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள்” என்று தட்டை நீட்டும் பிள்ளை என்பது. 2011இல் துள்ளல் குறைந்த புதிய பந்து அறிமுகமாகி, நாடெங்கும் ஹோம் ரன்கள் சரிந்தன. லோட்டே அணி முழுவதும் சேர்ந்து அந்தப் பருவத்தில் அடித்தது 46. நகமுரா தனியொருவராக அடித்தது 48. ஆறு முறை லீக்கின் ஹோம் ரன் பட்டம் பெற்று, மொத்தம் 470ஐத் தாண்டியவர் அவர். ஜப்பானில் மிக அதிக முறை ஸ்டிரைக்அவுட் ஆனவரும் அவரே என்பதால் சில செய்தியாளர்களின் கை தயங்கலாம். அந்த 2011ஆம் ஆண்டு ஒன்றை மட்டும் பார்த்தாலே தயக்கம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

நான் மிகவும் கவலைப்படுவது நிப்பான்ஹாமின் நவோக்கி மியானிஷிக்காகத்தான். அவர் ஆட்டத்தைத் தொடங்குகிறவரும் அல்லர், முடித்துவைக்கிறவரும் அல்லர். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில், ஒரு ரன் முன்னிலை தடுமாறிக்கொண்டிருக்கும்போது, எதிரணியின் வலிமையான இடக்கை மட்டையாளர் களமிறங்கும் நேரம் பார்த்து அவரை அழைப்பார்கள். இடக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசி, மட்டையைவிட்டு விலகி ஓடும் ஸ்லைடரை எறிவார். முன்னிலை கெடாமல் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்புவார். அந்த வேலைக்குப் பெயர் ஹோல்டு. இரு லீக்குகளிலும் ஒரே விதியாக அதைக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 2005இல்தான். 2008இல் அறிமுகமான மியானிஷி 14 பருவங்கள் தொடர்ந்து ஆண்டுக்கு 50 ஆட்டங்களுக்குக் குறையாமல் எறிந்தார். 2024இல் 400 ஹோல்டுகளைத் தொட்ட முதல் மனிதரானார்.

ஆனால் ஜப்பானில் பெருமையின் அளவுகோலாகச் சொல்லப்படும் எண்கள் 2000 ஹிட், 200 வெற்றி, முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துவைப்பவருக்கான 250 சேவ். அந்த வரிசையில் ஹோல்டு இல்லை. 2022இல் சேர்ந்த ஷிங்கோ தகாட்சுவும், 1002 ஆட்டங்களில் 407 சேவ்களோடு 2025இல் சேர்ந்த ஹிதோக்கி இவாசேயும் கடைசி இன்னிங்ஸை முடித்து, வெற்றியின் கைகுலுக்கலை வாங்கியவர்கள். அவர்கள் கைக்கு வரும் முன்னிலையை எட்டாவது இன்னிங்ஸில் காத்துக் கொடுப்பவர் மியானிஷி போன்ற ஒருவர். மியானிஷியின் பெயர் வாக்குச்சீட்டில் வரும் ஆண்டில், ஏழு கோடுகளில் ஒன்றை அவருக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.