18 வயதுப் பையன் ட்ரெய்லர் ஓட்டலாமா?

[காட்சி: எண்ணூர் விரைவுச் சாலை, இரவு. துறைமுகம் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள்]

வணக்கம். இப்படி வரிசையில் நிற்கிற ட்ரெய்லர்களில் பெரியது, சரக்கோடு சேர்த்து 55 டன் வரை போகலாம். அந்த ஸ்டியரிங்கை 18 வயதுப் பையன் கையில் கொடுக்கலாமா? அமெரிக்காவில் இதைச் சட்டம் போட்டே சோதித்துப் பார்த்தார்கள்.

[காட்சி: அமெரிக்க வரைபடம், பிறகு தமிழ்நாட்டு வரைபடம்]

அங்கே ஒரு வினோதம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதிலேயே கனரக லாரி ஓட்டலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். எல்லை தாண்ட 21 ஆக வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், மாதவரத்தில் லோடு ஏற்றி நாகர்கோவில் வரை ராத்திரி முழுக்க ஓட்டலாம்; பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கிற தடாவுக்குப் போகக்கூடாது!

டிரைவர் கிடைக்கவில்லை என்று அமெரிக்க லாரி முதலாளிகள் சங்கம் புலம்பியது. 2021இல் அவர்கள் சொன்ன கணக்கு 80,000 பேர் பற்றாக்குறை. சிறு லாரி உரிமையாளர்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. ஆள் வருகிறான், சம்பளமும் நேரமும் சரியில்லாமல் ஓடிவிடுகிறான் என்றது. எனக்கும் இதுதான் நியாயமாகப் படுகிறது.

அதே 2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தில், 18 முதல் 20 வயதுக்காரர்கள் மாநில எல்லை தாண்டி ஓட ஒரு சோதனைத் திட்டம் சேர்த்தார்கள். ஒரு நேரத்தில் 3,000 பேருக்கு மேல் கூடாது. முதலில் 120 மணி நேரம், அப்புறம் 280 மணி நேரம் பயிற்சி. அந்த 400 மணி நேரமும் பக்கத்து சீட்டில் அனுபவமுள்ள டிரைவர் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டியில் தானாகப் பிடிக்கும் அவசர பிரேக் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 105 கிலோமீட்டருக்குள் கட்டுப்பட வேண்டும்.

[காட்சி: ஓட்டுநர் உரிமம்]

சரி, நம் சட்டம்? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18இல் கார் ஓட்டலாம், லாரி, பஸ் மாதிரி போக்குவரத்து வாகனத்துக்கு 20 ஆக வேண்டும். ஹெவி லைசென்ஸுக்குப் போகும் முன் கார் லைசென்ஸ் ஒரு வருடமாவது கையில் இருக்க வேண்டும். 18க்குக் கீழே உள்ளவன் ஓட்டி மாட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி லாரித் தொழிலில் டிரைவர் உருவானதோ வேறு வழியில்: கிளீனராக ஏறி, ஓட்டுநராக இறங்குவது.

[காட்சி: அருகில், பின்பக்க இரட்டை டயர். ஒரு கை இரும்பு லிவரால் தட்டுகிறது]

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். டங்... டங்... தொப். இரட்டை டயரில் ஒன்று காற்றிறங்கினாலும் பக்கத்து டயர் தாங்கிக்கொள்ளும்; கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நல்ல கிளீனர் வண்டி நின்றதும் டீ குடிக்கப் போகும் முன் இதைச் செய்வான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று பாடியைத் தட்டி "வா, வா... ஹோல்டேன்!" என்பான். ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் பின்பகுதி வலது பக்கம் போகும். இது பழக மாதங்கள் ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும், லோடு வண்டியில் ஏர் பிரேக் மிதித்த அந்த நொடியே பிடிக்காது என்பதையும் அண்ணன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

இதை ரொம்பப் புகழவும் முடியாது. அந்தக் கிளீனர்களில் பலர் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பையன்கள். டிரைவருக்குத் தூக்கம் வந்தால் பைபாஸில் லைசென்ஸ் இல்லாமலே அவன் கையில் வண்டி போய்விடும். பேட்டாவில் பங்கும் சோறும்தான் சம்பளம்.

[காட்சி: காலியான பக்கத்து சீட்டு]

இன்று பல வண்டிகளில் அந்த சீட்டே காலி. நேஷனல் பெர்மிட் லாரியில் இரண்டு டிரைவர்கள் கட்டாயம் என்ற விதியையும் 2018இல் எடுத்துவிட்டார்கள். இதனால்தான் 20ஐ 18 ஆக்கலாமா என்ற விவாதம் எனக்குப் பாதி வெந்த சோறாகத் தெரிகிறது. வயதைக் குறைத்தாலும், பையன் யார் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்வான்? ஜெர்மனியில் லாரி ஓட்டுவதை மூன்று வருடத் தொழிற்கல்வியாகவே படிக்கலாம். படிக்கும்போதே சம்பளம் உண்டு. இங்கேயும் 18 வயதுக்காரரைப் பதிவு செய்து, சம்பளம் கொடுத்து, இரண்டு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கலாம். அவர் 20இல் ஹெவி எடுக்கட்டும். சட்டத்தில் வயதைத் தொடவே தேவையில்லை.

சிக்கல் காசுதான். டீசல், டோல், டயர், தவணை எல்லாம் போக ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவர் இரண்டாவது ஆளுக்கு எங்கிருந்து கொடுப்பார்? அந்தச் செலவு வாடகையில் ஏற வேண்டும். லோடு கொடுக்கும் பார்ட்டி அதைத் தர வேண்டும். அமெரிக்காவிலேயே 3,000 பேருக்கு இடம் இருந்தும், அந்தத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் ரொம்பக் கொஞ்சம்.